இருபத்தாறு கையெழுத்து

"நாற்காலி பதினொண்ணு. கையெழுத்து இருபத்தாறு. எப்படிங்க?"

மழையில் நனைந்து வந்தவன் தலையைக்கூடத் துவட்டாமல் வருகைப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டினான். மறதி நோய் வந்தவர்களும் வீட்டாரும் புதன்தோறும் கூடும் அந்தக் கூடத்துக்கு வாடகை கொடுப்பது ஓர் அறக்கட்டளை. அதன் ஆய்வாளர் அவன். ஒரு வரி தப்பாக எழுதினால் போதும், அடுத்த புதனிலிருந்து கூடத்துக்குப் பூட்டு.

அழகான கண்கள்தான்... ஆனால் போலீஸ் கண்கள் என்று நினைத்துக்கொண்டாள், குழுவை நடத்துகிறவள்.

"விண்ணப்பத்துல பதினோரு பேருன்னுதானே எழுதியிருக்கேன்?"

"அதாங்க சந்தேகம். ரெண்டுல எது பொய்?"

சுருக்கென்றது. விளக்கம் சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை. "நான் சொன்னா நம்பவா போறீங்க? உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தான், கையும் களவுமாகப் பிடிக்கும் நினைப்போடு.

பத்து நிமிடத்தில் அவளுடைய அப்பா எழுந்து வந்தார். முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்தார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

"பதிவேட்டைப் பார்க்க வந்தேங்க ஐயா."

கால் மணி கழித்து அவரே மறுபடி வந்தார். அதே பேனா, அதே கையெழுத்து... அதே கேள்வி. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்துவந்து வரிசையில் நின்றார்கள்.

அவன் முகம் சுண்டிப்போனது. "ஏற்கெனவே போட்டாச்சுன்னு சொல்லக் கூடாதா?" என்றான் மெதுவாக.

"ஒரு தடவை சொன்னேன். எல்லார் முன்னாடியும் கூனிக் குறுகிப் போயிட்டார். ஒரு மாசம் வீட்டை விட்டு வெளியே வரலை." அவள் பதிவேட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "பேப்பர்தானே... தீர்ந்தா வேற நோட்டு வாங்கிக்கலாம்."

அவன் அறிக்கையில் பதினொன்று என்று எழுதி, இன்னும் ஒரு வருஷத்துக்கு உதவி தரலாம் என்று பரிந்துரைத்துவிட்டுப் போனான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த புதனும் வந்தான். அதற்கடுத்த புதனும். நாற்காலி எடுத்துப் போட்டான், டீ ஊற்றிக் கொடுத்தான். இப்போது சந்தேகம் அவளுக்கு... வேவு பார்க்கிறானோ?

நாலாவது புதன் கேட்டே விட்டாள். "ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் எதைக் கண்டுபிடிக்க வர்றீங்க?"

அவன் வாய் திறப்பதற்குள் அப்பா பேனாவோடு வந்துவிட்டார். "தம்பி, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

பதில் அவருக்கு, பார்வை அவளிடம். "இவங்களைத்தாங்க ஐயா... முதல் நாள்லேருந்தே இவங்க நெனப்புதான்."

அப்பா தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை... அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவார்."

"பரவாயில்லை. திரும்பக் கேட்பாரே, திரும்பச் சொல்றேன்."

அவர் திரும்பக் கேட்டார். இந்த முறை அவனை முந்திக்கொண்டாள் அவள்.

"என்னைத்தாம்பா."