ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச்

சௌந்தரம் அத்தை இன்னும் எடுத்து வைக்காத வடகம் மொத்தமும் நனைந்துவிட்டது. மழையால் அல்ல, ஹரோல்ட் தாத்தாவால்.

தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் ஒட்டி ஒட்டி நிற்கும் அந்தப் பத்து வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே தெருவிளக்கு. இரண்டின் சுவிட்சும் கடைசி வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வேலை முடிந்து பெங்களூரு ரயிலில் வருகிறவர்களுக்காகத் தாத்தாதான் தினமும் விளக்குப் போடுவார்.

அன்று அழுத்தினார், எரியவில்லை. அடுத்ததை அழுத்தினார், எரிந்தது. போய்விட்டார். முதலில் அழுத்தியது தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச். தொட்டி வழிந்து, அதனடியில் காயவைத்திருந்த வடகத்தின் மேல் கொட்டியது.

“வயசாயிப்போச்சுண்ணே. இனிமே சுவிட்ச் பக்கமே வராதீங்க” என்றார் அத்தை.

மறுநாள் தாத்தா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆறாம் வகுப்பு வாணி போய்ப் பார்த்தாள்.

“இன்னா தாத்தா, விளக்குப் போட வரலியா?”

“கை தடுமாறுதும்மா. சுரங்கத்துல முப்பது வருசம் கேஜ் லிஃப்ட் ஓட்டினேன். ஆளுங்களை ஏத்தி இறக்கினேன். ஒருநாளும் தப்பு பண்ணல.”

“அங்கயும் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா?”

“சேச்சே. பிரேக்கு கைப்பிடி ஒரு மாதிரி, மத்த கைப்பிடி வேற மாதிரி. கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.”

வாணி யோசித்தாள். அன்றும் மறுநாளும் மாலையில் சுவிட்ச் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். முதல் நாள் விளக்குப் போட வந்த பக்கத்து வீட்டு உமேஷ் அண்ணன் தப்பாக அழுத்தினான். மறுநாள் தப்பாக அழுத்தியது சௌந்தரம் அத்தை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று அணைத்தார்.

“அத்தை, உங்களுக்கும் வயசாயிப்போச்சா?”

“ஏய், பார்த்துட்டியா?”

“தப்பு உங்க மேலயும் இல்ல, தாத்தா மேலயும் இல்ல. ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருந்தா, இருட்டுற நேரத்துல கை இன்னா பண்ணும்?”

பழைய சோப்பு டப்பா மூடி ஒன்றைக் கொண்டுவந்தாள். மோட்டார் சுவிட்சை மறைத்து, மேல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டினாள். மூடியைத் தூக்கினால்தான் மோட்டார். அடுத்தது எப்போதும்போல விளக்கு. பிறகு தாத்தாவைக் கைபிடித்து அழைத்துவந்தாள்.

“தாத்தா, கண்ணை மூடிக்கினு போடுங்க பார்க்கலாம்.”

தாத்தா கையை நீட்டினார். விரல் மூடியில் தட்டியது. ஒரு நொடி நின்றது. பக்கத்தில் நகர்ந்தது.

தெருவிளக்கு எரிந்தது.

“இப்ப சொல்லு சௌந்தரம், யாருக்கு வயசு?” என்றார் தாத்தா.

“சுவிட்சுக்குத்தாண்ணே. நாளைக்கும் நீங்களே போடுங்க” என்ற அத்தை, முதல் வேலையாக, புதிதாகப் போட்டுக் காயவைத்திருந்த வடகத்தை எடுத்து உள்ளே வைத்தார்.