ஸ்நேகாவின் சிவப்புக் கோடு

தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்குள் கம்பெனி வேன் திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜெபா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கேட்டில் பெயர் எழுதிவிட்டு, செக்யூரிட்டி கைகாட்டிய பக்கம் நடந்தாள்.

மீனையும் இறாலையும் உறைய வைத்துப் பெட்டி கட்டி அனுப்பும் தொழிற்சாலை அது. அவள் தங்கை ஸ்நேகா இரண்டு வருஷம் வேலை பார்த்த இடம். போன மார்ச் மாதம், இரண்டாம் நம்பர் குளிர் அறையில் அமோனியா வாயு கசிந்து அவள் செத்துப்போனதும் இங்கேதான். 'முன்கூட்டிப் புகார் எதுவும் வரவில்லை. ஊழியர் அனுமதியின்றி உள்ளே நுழைந்தார்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதம் வீட்டில் பைபிளுக்குள் இருந்தது.

தங்கையின் வேலையைக் கம்பெனி அக்காவுக்குக் கொடுத்தது. ஜெபாவுக்கு அதில் விருப்பமில்லை. மீஞ்சூரில் ஒரு நர்சரி பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அப்பா ஆசீர்வாதம்தான் கேட்டார். மகள் போனதிலிருந்து அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. "அவ உக்காந்த எடத்துல வேற யாரும் உக்கார வேணாம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஸ்நேகா வேலை பார்த்த அனுப்புகைப் பிரிவின் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளமான நடை, நடையின் கோடியில் தடித்த பிளாஸ்டிக் திரை, திரைக்குப் பின்னால் குளிர் அறைகள். கம்ப்ரஸர் ஓடும் சத்தம் தரையில் ஏறி நாற்காலிக்கு வந்து முதுகெலும்பில் அதிர்ந்தது. மீன் கவிச்சி எங்கும் இருந்தது. காற்றே இல்லாத அந்த நடையில் பிளாஸ்டிக் திரை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

துப்புரவு செய்யும் குப்பம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். விபத்தன்று குளிர் அறைக்குள் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஸ்நேகா ஓடிவந்து அவளை வெளியே தள்ளியதையும், அதற்குள் வாயு சூழ்ந்து பிள்ளை அங்கேயே மடங்கி விழுந்ததையும் அழுதுகொண்டே சொன்னாள். போகும்போது கதவருகில் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எட்டு மாசமா இந்த ரூம் பூட்டிக்கினுதான் கெடந்துச்சும்மா. நான் நடைய தொடைக்கறப்ப உள்ள டைப் அடிக்கிற சத்தம் கேக்கும்."

ஜெபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

பிரிவுக்கென்று ஒரே ஒரு மெயில் முகவரி. ஸ்நேகா பயன்படுத்தியதுதான். பழைய மெயில்களையெல்லாம் யாரோ அழித்திருந்தார்கள். லாரி எப்போது வரும் என்று கேட்டு முதல் மெயிலை எழுதி, அடியில் தன் பெயரை அடித்தபோது ஜெபாவுக்கு ஏதோ உறுத்தியது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் அவள் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாலும் எழுத்துப்பிழை என்று அடியில் சிவப்பு நெளிகோடு விழும். இங்கே விழவில்லை.

பிரவுசரின் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாள். பிழை பார்க்கும் கருவி ஒன்றை ஸ்நேகா சேர்த்து வைத்திருந்தாள். இவை பிழையல்ல என்று அந்தக் கருவிக்குத் தானே கற்றுக்கொடுத்த சொற்களின் பட்டியல் அதில் இருந்தது. ஜெபா. ஆசீர்வாதம். கன்னியம்மா. தேர்வாய். குப்பம்மாள். அக்கா, அப்பா, செத்துப்போன அம்மா, ஊர், தரை துடைப்பவள். கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்ன ஒவ்வொருவரையும் உட்கார்ந்து சரி என்று சேர்த்திருக்கிறாள்.

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் திறந்தாள், ஆல்பம் பார்ப்பதுபோல. கடைசியில் புதிதாக ஒரு சொல் இருந்தது. ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் ஒட்டி அடித்திருந்தது. வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.

அக்காவந்துட்டியா.

கம்ப்ரஸர் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மூக்கை அறுப்பதுபோல ஒரு நெடி வந்தது. மீன் வாடை இல்லை. கண்ணில் நீர் கொட்டியது. எழுந்து ஓடிப்போய் நடையில் நின்றாள். நடையில் நெடி இல்லை. எதிரே வந்த ஆள் இன்னாச்சும்மா என்று கேட்டபடி அறைக்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் எதுவும் அடிக்கவில்லை.

நாற்காலியைச் சுற்றி மட்டும்தான் அந்த நெடி.

அன்று முழுக்க அவள் பட்டியலைத் திறக்கவில்லை. ராத்திரி அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார் என்று தெரியும். எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அடுத்த நாள் அறையைத் தானே திறந்தாள், சாப்பிடப் போகும்போது தானே பூட்டினாள். திரும்பி வந்து பட்டியலைத் திறந்தாள்.

இன்னொரு சொல் சேர்ந்திருந்தது.

டிராப்ட்பாரு.

அனுப்பாமல் விட்ட மெயில்கள் கிடக்கும் இடத்துக்குப் போனாள். அழித்தவர்கள் அதை மறந்திருந்தார்கள். ஒன்றே ஒன்று இருந்தது. மார்ச் மாதம், விபத்துக்கு முந்தின நாள் தேதி. பராமரிப்புப் பிரிவு மேனேஜர் ஜெரால்டுக்கு ஸ்நேகா எழுதிய பதில். அதற்குக் கீழே அவரும் வேறு சிலரும் அனுப்பியவையும், அதற்கும் கீழே அவள் முதலில் அனுப்பியதும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

முதல் மெயிலில், இரண்டாம் நம்பர் அறையின் கதவுப் பக்கம் அமோனியா லீக் ஆகிறது, கண் எரிகிறது, உடனே பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நாலைந்து பேருக்கும் சேர்த்து ஜெரால்ட் பதில் போட்டிருந்தார். நாம் இங்கே காய்கறி பயிரிடுவதில்லை, முதலில் ஸ்பெல்லிங்கைப் பார்த்துவிட்டு மெயில் அனுப்பம்மா என்று. மற்றவர்கள் சிரிக்கும் முகங்களை அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகுதான் அவள் பிழை பார்க்கும் கருவியைச் சேர்த்திருக்கிறாள். அனுப்பாத மெயிலில் அதே விஷயத்தை இன்னும் பணிவாக மறுபடி எழுதியிருந்தாள். 'சார், செக் பண்ணிட்டேன், தப்பு எதுவும் காட்டலை. எது தப்புன்னு சொன்னீங்கன்னா மாத்திடுறேன்' என்பதோடு அது நின்றிருந்தது. அனுப்ப வெட்கப்பட்டிருக்கிறாள்.

ஜெபா அதை மூன்று முறை படித்தாள். அவளுக்கும் பிழை எதுவும் தெரியவில்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக ஜெரால்டின் அறைக்குப் போனாள். ஐம்பது வயது மனிதர், எட்டு மாதத்தில் பாதியாகியிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அழித்தது தான்தான் என்று அவராகவே சொன்னார். கேலியாகத்தான் எழுதினேன், அதற்குப் பிறகு அவள் மறுபடி எழுதுவாள் என்று காத்திருந்தேன், போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, அந்த வாடை இன்னும் என் சோற்றில் அடிக்கிறது என்றார்.

"எல்லாம் சரியாத்தான சார் எழுதிக்கிறா? இதுல இன்னா தப்பு?" என்று கேட்டாள் ஜெபா.

அவர் அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தார். "லீக். எல், ஈ, ஈ, கே போட்டா வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்மா. கசிவுன்னா எல், ஈ, ஏ, கே. அந்தக் காயும் சரியான வார்த்தைதானே, அதனால கம்ப்யூட்டர் கோடு போடாது."

அந்த எழுத்துகளை ஜெபா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

மார்ச் மாதம் ஒரு காலை. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அக்கா, சட்டுனு சொல்லு, லீக்குக்கு ஸ்பெல்லிங் இன்னா என்று கேட்டாள் ஸ்நேகா. எதற்கு என்று இவள் கேட்கவில்லை. எல், டபுள் ஈ, கே என்று சொன்னாள். இதுகூடத் தெரியாதாடி என்று வேறு சொன்னாள். ஸ்நேகா சிரித்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் அத்தனை பேர் சிரித்த பிறகும், கருவி வைத்துத் தேடிய பிறகும், அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

ஜெரால்ட் தண்ணீர் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இந்தப் பேப்பர நீ எங்க வேணா குடும்மா. நான் இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், திருவள்ளூரில் இருக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுத உட்கார்ந்தாள். தமிழிலேயே எழுதினாள். இனி ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூட அடிக்க அவளால் முடியாது. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாததால், அடித்த ஒவ்வொரு சொல்லின் அடியிலும் சிவப்பு நெளிகோடு விழுந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு. தங்கை புகார் கொடுத்ததையும், அதைப் பார்த்துச் சிரித்ததையும், யாரும் வந்து பார்க்காததையும், அவள் குப்பம்மாளைத் தள்ளிவிட்டுச் செத்ததையும் எழுதினாள். கடைசியில், யாரும் கேட்காத ஒரு வரியையும் எழுதினாள்.

'தப்பான எழுத்தைச் சொல்லிக்கொடுத்து என் தங்கையைக் கொன்றது நான்தான்.'

கையை எடுத்தாள்.

மேலே, முதல் வரியின் முதல் சொல்லுக்கு அடியில் இருந்த கோடு மறைந்தது.

பிறகு இரண்டாவது சொல். பிறகு மூன்றாவது.

யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வருவதுபோல, கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே இறங்கின. நீளமான சொற்களில் சற்றுத் தயங்கின. ஜெபா மூச்சுவிடாமல் பார்த்தாள். அந்த நெடி மெல்ல வந்தது. இந்த முறை அவள் எழுந்து ஓடவில்லை.

பக்கம் சுத்தமாகிவிட்டது, கடைசி வரியைத் தவிர.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். கோடு விழுந்தது. மறுபடி அடித்தாள். விழுந்தது. வரியின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தினாள். பிழைக்குப் பதிலாக வேறு சொற்கள் காட்டும் இடத்தில் ஒன்றுதான் இருந்தது. தமிழில் இருந்தது.

இல்லக்கா.

திரை மங்கலாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவள் அழுத்தவில்லை. தன் வரியையும் அழிக்கவில்லை. உண்மை உண்மைதானே. கடைக்காரரிடம் பிரிண்ட் போடச் சொன்னாள். கலர் கிடையாதும்மா, கருப்பு மட்டும்தான் என்றார். சூடாக வந்த காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திருவள்ளூர் அலுவலகத்தில் ஆய்வாளர் அவளை உட்காரச் சொல்லி மனுவை நிதானமாகப் படித்தார். ஜெரால்ட் அன்று காலையே வந்து நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேஸைத் திரும்ப எடுக்கிறோம், அனுமதியின்றி நுழைந்தார் என்று இனி யாரும் எழுத முடியாது என்றார் ஆய்வாளர். ஜெபா தலையாட்டினாள். அப்பாவுக்கு இதைச் சொல்லலாம். அந்தக் கடைசி வரியை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் காகிதத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடைசி வரிக்கு அடியில யாரும்மா செவப்புல கோடு போட்டது?"

ஜெபா எட்டிப் பார்த்தாள். கருப்பு எழுத்துகளுக்கு அடியில், அந்த ஒரு வரிக்கு மட்டும், மெல்லிசாக நெளிந்து ஓடியது கோடு.

அவர் விரலால் தடவினார்.

ஈரம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.