தம்பிக்கு ரெண்டு ஸ்பூன்

"ஏலே... பிரபு! கண்ணத் தொறல!"

அலறல் ஒரகடத்தின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வராண்டாவை உலுக்கியது.

ஸ்ட்ரெச்சரில் மணிகண்டபிரபு. கார் கம்பெனி வெல்டர். இளவயசு. உயிர் இல்லை.

அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறியவள் அக்கா உலகம்மாள். வல்லக்கோட்டையில் வாடகை அறை எடுத்து, தம்பிக்குச் சமைத்துப் போட்டவள்.

இன்ஸ்பெக்டர் கலைமதி தொப்பியைக் கழற்றினாள். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு.

மனநல டாக்டர் எழிலரசன் அவளை ஓரமாக அழைத்தார்.

"பைபோலார் மேடம். ஒரு மாசம் தூக்கமே இல்லாம பறப்பான். அடுத்த மாசம் படுத்த படுக்கை. லித்தியம் மாத்திரையில நல்லாயிட்டு வந்தான். இப்ப ரத்தத்துல லித்தியம் தாறுமாறா ஏறியிருக்கு!"

"மொத்தமா முழுங்கிட்டானா?"

"இல்ல. அட்டையில மாத்திரை சரியா இருக்கு. ஆனா... பயங்கரமான பேதி! உடம்புல தண்ணி வத்தினா லித்தியம் வெளிய போகாம தேங்கிடும். விஷம்!"

வெள்ளைக் கோட்டுக்காரன் ஒருவன் வாயே திறக்காமல் உலகம்மாளிடம் தண்ணீரை நீட்டிவிட்டு லேபுக்குள் போனான். கலைமதி அவளருகே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா... தம்பி இன்னா சாப்ட்டான்?"

"நாந்தாம்மா குடுத்தேன்..."

"எதை?"

"குடல் கழுவுற பொடி! குடல்ல இருக்க கிருமிக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கு, சோதிச்சு அவனுக்குன்னே சாப்பாடு சொல்லுதேன்னு இந்த டாக்டரு சொன்னாவ. பொறவு ஒரு ஆளு போன் பண்ணுனாரு. இன்ன நல்ல கிருமி கொறைச்சல்னு பேரு சொல்லிச் சொன்னாரு. கெட்டதக் கழுவிட்டா வியாதியே போயிரும்னாரு. ஷேர் ஆட்டோவுல பொடி வந்துச்சு. 'போதும்க்கா, முடியல'ன்னு அழுதான். கெட்டது போவுதுல, நல்லதுதாம்னு... இன்னும் ரெண்டு ஸ்பூன்..."

தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானே கொன்னுட்டேம்மா!"

கலைமதி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

டாக்டர் வெளிறிப் போனார்.

"மேடம்... அந்தக் கிருமி ரிப்போர்ட்டை நான் இன்னும் இவங்ககிட்ட சொல்லவேயில்ல!"

"வேற யாருக்குத் தெரியும்?"

"லேபுக்கு மட்டும்..."

உலகம்மாளின் செல்லை வாங்கி, அந்த ஆளின் எண்ணை அழுத்தினாள் கலைமதி.

லேப் கதவுக்குப் பின்னால்... மணி அடித்தது!

டெக்னீஷியன் நடேசன்! சற்றுமுன் உலகம்மாளிடம் வாயே திறக்காமல் தண்ணீர் நீட்டியவன்!

"மேடம்... அது சுத்த மூலிகை! எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன்! சைடு எஃபெக்டே கிடையாது!"

உலகம்மாள் நிமிரவேயில்லை. தம்பியின் பாதத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கலைமதி விலங்கைப் பூட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"சைடு எஃபெக்ட் கீதே நடேசா... உன் கையைப் பாரு!"