ஏழாம் நம்பர் லாரி

விடாஸ் செத்துத் தொண்ணூற்றாறு மணி நேரம் ஆகியிருந்தது.

அவனுடைய காபி ஃபிளாஸ்க் இன்னும் ஏழாம் நம்பர் லாரிக்குள்தான் கிடந்தது.

அவனைப் போலவே லிதுவேனியாவிலிருந்து லாரி ஓட்ட வந்த ரிமான்டஸ் அதைத் தொடவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

ஸ்ஸ்ஸ்...

காற்றடைத்த சீட் அவன் எடைக்குத் தணிந்தது. பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி!

இங்கிலாந்தின் டார்பி நகருக்கு வெளியே, சரிவான லாரி யார்டு. ஜனவரிக் காலை. எதிரே செங்கல் சுவர்.

நாளுக்கொரு லாரி ஓட்ட ஏஜென்சி அனுப்பும் டிரைவருக்கு உதவிக்கு ஆள் கிடையாது. கிளம்பும் முன் லாரியைச் சுவருக்கு எதிரே நிறுத்துவான். இறங்கிப் போய், ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பான்.

விடாஸும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் லாரி உருண்டது.

சுவரைக் கழுவியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் புதுச் செங்கலாய்த் தெரிந்தது.

'ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டான்' என்றார் மேனேஜர் ஹெப்டன். போலீஸ் சோதித்தபோது, அவர்கள் ஷெட்டின் கதகதப்பில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. லாரி திரும்பி வந்துவிட்டது.

"அவரு மறப்பாரா, ரிமா?" விடாஸின் மனைவி இங்கா நேற்று ரிமான்டஸிடம் கேட்டாள். அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பதில் தெரியாமல் ரிமான்டஸால் தூங்க முடியாது.

டக்... டக்!

கதவைத் தட்டியது ஹெப்டன்.

"என்ன டிரைவர், கனவா? செக்கிங் முடிஞ்சுதா?"

ஏஜென்சி ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு 'டிரைவர்'தான். மஞ்சள் ஜாக்கெட் தெரியும். முகம் தெரியாது.

"சார், ஒரு உதவி. சுவர்கிட்ட நின்னு லைட்டைப் பாருங்களேன். சீக்கிரம் கிளம்பிடுவேன்."

"நானா?"

"ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன் சார். விடாஸ் மாதிரி மறக்கல."

ஹெப்டன் தயங்கினார். லாரிக்கு முன்னால் இரண்டு அடி வைத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

துள்ளி விலகினார். முகம் வெளுத்துவிட்டது.

"யோவ்! கால் பிரேக்கை மிதிய்யா! குளிர்ல ஹேண்ட்பிரேக் பிடிக்காது!"

லாரி அசையவே இல்லை.

"சத்தம் பிரேக்லேர்ந்து இல்ல, என் சீட்லேர்ந்து வந்தது சார். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கேன்." ரிமான்டஸ் இறங்கினான். "குளிர்ல பிடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருமே பழுது சொல்லலன்னீங்களே, போலீஸ்கிட்ட?"

ஹெப்டன் சுற்றும் முற்றும் பார்த்தார். சிரித்தார்.

"உன் பேச்சை யாருய்யா நம்புவா? நாளைக்கு உனக்கு இங்க வேலையே இல்ல."

"விடாஸ் உங்ககிட்ட சொன்னானா?"

"போன்ல மிரட்டினான்! 'ஏழாம் நம்பர் டிரைவர் பேசறேன். காத்துக் குழாய்ல தண்ணி உறையுது, பிரேக் பிடிக்கல. சரி பண்ணலன்னா அதிகாரிங்ககிட்ட போவேன்'னு. கம்பெனியையே மூடிடுவாங்க! மறுநாள் காலைல வண்டிகிட்ட நின்னான். 'பிரேக் சரி பண்ணியாச்சு, தைரியமா சுவர்கிட்ட போ'ன்னேன்."

"எதையும் சரி பண்ணாமலே! அவன் என்ன சொன்னான்?"

"எந்த பிரேக்குன்னு கேக்கற மாதிரி முழிச்சான். நடிப்பு!"

ரிமான்டஸ் சுவரைப் பார்த்தான். அங்கே இன்னும் விடாஸ் முழித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். லைன் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா, சார்ஜெண்ட்?"

"தெளிவா! வந்துட்டே இருக்கோம்!"

ஹெப்டனின் வாய் பிளந்தது.

"டிரைவர்... நீ... யாருய்யா நீ?"

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா சார்?" ரிமான்டஸ் சுவரைக் காட்டினான். "லிதுவேனியாக்காரங்க எல்லாரோட குரலும் போன்ல உங்களுக்கு ஒண்ணுதான். அவன் சாகறதுக்கு முந்தின நாள் ஏழாம் நம்பரை ஓட்டினது விடாஸ் இல்ல. போன் பண்ணதும் அவன் இல்ல... நான்! 'டிரைவர்'னு கூப்பிட்டா பத்துப் பேர் திரும்புவோம் சார். கொல்றதுக்கு முன்னாடியாவது பேரைக் கேட்டிருக்கலாம்!"