ஊதாக் கசிவு

சாப்பிடும்போதாவது கசிவாடியைக் கழற்றி வையுங்கள் என்று ரங்கநாயகி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சென்னியப்பன் கேட்டதில்லை. இட்லியைப் பிட்டு வாயில் போட்டபடியே கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுடைய கைப்பேசி ஒலித்தால் அவன் கை தட்டிலேயே நின்றுவிடும்.

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஆகியிருந்தார்கள். கசிவாடி முதலில் பட்டறைகளுக்காக வந்த கருவி. சாலையெல்லாம் மின்வண்டிகள் நிறைந்துவிட்ட பிறகு, பெட்ரோல் வண்டிகள் பந்தயத் திடலில் மட்டுமே ஓடின. அவற்றின் பிளக் ஒயர்களில் ரப்பர் வெடித்து எங்கே மின்சாரம் ஒழுகுகிறது என்று பார்க்க, இஞ்சினுக்கு மேலே ஒரு தாங்கியில் அதைத் தொங்கவிடுவார்கள். கசிகிற இடம் ஊதாப் புகை போலத் தெரியும். மனித உடம்பிலும் மின்னோட்டம் உண்டே, மனசு பதறினால் அதுவும் தெரியுமே என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றியது. கண்ணில் மாட்டுகிற மாதிரி செய்து விற்றார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாட்டிக்கொண்டு போனார்கள். விவாகரத்து வழக்குகளில் ஊதா சாட்சியானது.

சென்னியப்பனும் ரங்கநாயகியும் கோயமுத்தூரில் பந்தய வண்டிப் பட்டறை நடத்தினார்கள். எட்வின் அவர்களுடைய ஓட்டுநர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். சென்னியப்பனுக்கு அந்தச் சிரிப்புதான் ஆகவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டி மிஸ் அடித்தது; இஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. ரங்கநாயகியும் எட்வினும் பானெட்டுக்குள் குனிந்திருந்தார்கள். எட்வின் என்னவோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் நின்ற சென்னியப்பனின் கண்ணுக்கு இரண்டு பேரையும் சுற்றி ஊதா குபுகுபுவென்று எழும்பியது.

"எட்வின், நீ கெளம்பு. இனி இந்தப் பக்கம் வராதே."

"என்னங்கண்ணா, நாளைக்குப் பந்தயம்..."

"கெளம்புன்னா கெளம்பு!"

எட்வின் அவனுடைய கண்ணாடியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "என்ற சம்சாரமும் இதைப் போட்டுப் பாத்துட்டுத்தாங்கண்ணா பொறந்த வீட்டுக்குப் போனா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

ரங்கநாயகி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "நானும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிர்றேன். அதுக்கு முன்னால வண்டியச் சரி பண்ணி வெச்சுட்டுப் போறேன். எந்த ஒயரு கசியுதுன்னு சொல்லுங்க."

"மூணாவது."

எட்வினின் கை பட்ட ஒயர் அது. அவள் அதைப் பிடுங்கி மீட்டரில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. ஆனாலும் புதிய ஒயரை மாட்டினாள். "இப்போ?"

"இன்னும் கசியுது. முன்னைக்கு இப்போ ஜாஸ்தி."

அவள் நிமிர்ந்து அவனை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, நான் இன்னும் இஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணலீங்க. கரண்டே இல்லாத ஒயர்ல என்னத்தக் கசியறது?"

சென்னியப்பன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். எட்வினின் தொப்பி ஆணியில் தொங்கியது. அதைச் சுற்றியும் ஊதா. மனசைத் திருப்ப, முன்பு இருந்த வாடகைப் பட்டறையின் ஒழுகும் கூரையை வலிந்து நினைத்துக்கொண்டான். ஊதா மெல்ல வடிந்தது. அவள் சிரித்ததை நினைத்தான். குப்பென்று திரும்பி வந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். தாங்கியில் தொங்கிய காலத்தில் இஞ்சினின் மின்சாரத்தை உணர்ந்த உள்பக்கத் தகடு, இப்போது மாட்டுகிறவனின் நெற்றிப்பொட்டு நரம்பின் மேல் அழுந்திக் கிடந்தது. இத்தனை நாளும் அவன் பார்த்தது அவனுடைய கசிவையே. பெண் பார்த்தவர்களும் வழக்காடியவர்களும் பார்த்ததும் அவரவருடையதைத்தான்.

ரங்கநாயகி இருட்டுக்காக ஷட்டரை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் தண்ணீரைப் பொடியாகத் தெளித்தாள். ஒயர்களில் ஒன்றும் இல்லை. ஒயர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் ஒன்றிலிருந்து நீலப் பொறி குதித்தது. மூடியை மாற்றியதும் வண்டி சீராக ஓடியது.

அவன் எட்வினைக் கைப்பேசியில் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். "இதை என்ற சம்சாரத்துகிட்டயும் சொல்வீங்களாண்ணா?" என்றான் எட்வின் கடைசியில். சென்னியப்பன் சொல்வதாக ஒத்துக்கொண்டான். ரங்கநாயகி அண்ணன் வீட்டுப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

மனசு லேசாகிவிட்டது. கசிவாடியை அவளிடம் நீட்டினான். "நீயும் ஒருக்காப் போட்டுப் பாரு புள்ள. நான் வேற ஒருத்திகூடச் சிரிச்சுப் பேசற மாதிரி நெனச்சுக்க."

அவள் மாட்டிக்கொண்டு அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"நெனச்சுட்டேனுங்க."

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலீங்க. தண்ணியாட்டம் தெளிவா இருக்கீங்க."

கண்ணாடியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கிரீஸ் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

என்னை எவ்வளவு நம்புகிறாள் என்று சென்னியப்பன் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இன்னொன்று தோன்றியது. ஒரு துளிகூடவா தெரியவில்லை? நான் எவளோடு பேசினாலும் இவளுக்கு ஒன்றுமே இல்லையா? நம்பிக்கையா, இல்லை அக்கறையே அற்றுப்போனதா? அதைக் காட்டும் ஆடியை யாரும் இன்னும் செய்யவில்லை.

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டினான். குழாயடியில் குனிந்திருந்த அவள் முதுகு தெரியவில்லை. அத்தனை ஊதா.