மூக்குத் தையல்

காலையில் துடைத்து, எண்ணெய் தடவி, தகர டப்பாவில் போட்டு மூடிய ஊசி அது. இப்போது திறந்தால் யாரோ அதில் நூல் கோத்து வைத்திருந்தார்கள். நூல் நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர்.

டிரெசிடர் டப்பாவைப் பட்டென்று மூடினான். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் அந்தச் சின்னப் போர்க்கப்பலில், செத்தவர்களைக் கடலில் இறக்குமுன் கித்தானில் வைத்துத் தைப்பது அவன் வேலை. கடைசித் தையல் மூக்கில் குத்திப் போகவேண்டும். உயிர் ஒட்டியிருந்தால் ஆள் துள்ளிவிடுவான், அதற்குத்தான். போன வாரம் கார்பட்டுக்கு மட்டும் அதை அவன் போடவில்லை. மறதியா? மண்ணாங்கட்டி! டிரெசிடர் காவலில் தூங்கித் தொலைத்ததால்தான் எதிரியின் நீர்மூழ்கி தாக்கி எண்ணெய்க் கப்பலொன்று ஆட்களோடு எரிந்தது. தூங்கியதைப் பார்த்தவன் கொதிகலன் அறைக் கார்பட் ஒருவன்தான். "கேப்டன்கிட்ட சொல்லாம விடமாட்டேன்டா, தூங்குமூஞ்சி" என்றவன் மறுநாளே அலை அடித்துத் தலையில் அடிபட்டு விழுந்தான். செத்துவிட்டான் என்றார்கள். தைக்கும்போது அவன் உதடு அசைந்தது. டிரெசிடர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கித்தானை இழுத்து மூடினான்.

அன்றோடு தூக்கம் போயிற்று. இயந்திரத்தின் தடதடப்பு, நனைந்த கம்பளியின் வீச்சம், கொதிகலன் அறையிலிருந்து ஏறிவரும் எண்ணெய் நெடி, இத்தனைக்கும் அடியில், கித்தானில் ஊசி ஏறி இறங்கும் சத்தம் அவன் காதைவிட்டு அகலவில்லை. சரக். சரக்.

இப்போது அது டப்பாவுக்குள்ளிருந்தே கேட்டது. கடலில் வீசிவிட வேண்டும் என்று மேல்தளத்துக்கு ஓடினான். கப்பல் சாய்ந்தது. ஈரக் கை ஒன்று கணுக்காலைப் பிடித்தது. தலை இரும்பில் மோதியது.

கண் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. காது மட்டும் கேட்டது.

"போயிட்டான்யா, பாவம்." சமையல்கார ஹோப்ஸின் குரல். டப்பா திறக்கும் சத்தம். கித்தான் காலிலிருந்து மேலே ஏறியது. சரக். சரக்.

குத்துடா! மூக்கில் குத்து! துள்ளிக் காட்டுகிறேன்!

"மூக்குத் தையல் போடணுமா?" தைக்கிறவன் கேட்டான்.

"விடுப்பா. மனுசன் ஒரு வாரமா கண்ணே மூடல. இனியாவது நிம்மதியா தூங்கட்டும்."

அவனைக் கிடத்தியிருந்த பலகை கடல் பக்கம் சாய்ந்தது. குளிர். இருட்டு. காதோரம் எண்ணெய் நெடியடிக்கும் மூச்சு.

"அந்தத் தையல நான் போடுறேன், தூங்குமூஞ்சி."

மூக்கில் ஊசி இறங்கியது. டிரெசிடர் துள்ளினான். ஊசி மறுபடியும் இறங்கியது.