சிரிங்கப்பா... ஒரே ஒரு போட்டோ!

பிணத்துக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்!

அது பிணம் என்று ஊட்டியவர்களுக்கும் தெரியாது... வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். மேடையில் சீரியல் பல்பு. 'ஐம்பதாவது திருமண நாள்' என்று தெர்மாகோல் எழுத்து. அதற்குக் கீழே சக்கர நாற்காலியில் வியாகுலம். வயது எழுபத்தாறு. மூன்று வருடம் முன்பு பக்கவாதம் அடித்ததில் வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. தொண்டையும் பாதி போய்விட்டது. கஞ்சி தவிர எது உள்ளே போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் முகம் முழுக்க வெள்ளை க்ரீம். சொந்தக்கார இளவட்டங்கள் கூச்சல் போட்டு அப்பிவிட்டுப் போன க்ரீம். அதன் மேல் இரண்டு ஈக்கள்.

எதிரே, போனைத் தூக்கிப் பிடித்தபடி இளைய மகன் ஆல்பின். சர்க்கரை ஆலையில் கிளார்க். போட்டோ என்றால் கிறுக்கு. சொந்தத்தில் காதுகுத்தோ, சர்ச்சில் புதுநன்மையோ, எந்த விசேஷம் என்றாலும் இவனுடைய போன்தான் முன்னால் நிற்கும்.

"குஞ்சம்மாக்கா, கேக்க வாய்கிட்ட எடுத்துக்கினு போங்க. உள்ள வெக்கக் கூடாது. சும்மா ஊட்டற மாதிரி போஸ்தான்!"

களமருதூரிலிருந்து வந்திருந்த குஞ்சம்மாள் கேக் துண்டை நீட்டினாள்.

"இன்னாடா தம்பி, உங்கப்பா கண்ண மூடிக்கினு இருக்காரு?"

"காலையிலருந்து உக்காந்துக்கினு இருக்காரு இல்ல... டயர்டு. தூங்கறாரு. நீங்க சிரிங்கக்கா!"

க்ளிக்!

குஞ்சம்மாள் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டு மென்றபடி மேடையை விட்டு இறங்கினாள். அவளுக்கு முன்னால் வந்த பத்துப் பேரும் அப்படித்தான் தின்றுவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்தவள் அவர் மனைவி ஆனந்தமேரி. ஈரத்துணியோடு வந்தாள்.

"போதும்டா உங்க போட்டோவும் மண்ணும்! மனுசன் மூஞ்சியப் பாரு, இன்னா கோலம்!"

துடைத்தாள். தலை துணியோடு சேர்ந்து சரிந்தது.

"என்னங்க... என்னங்க?... ஐயோ, மூச்சு இல்லியே!"

மண்டபமே அதிர்ந்தது!

மூலையில் குஞ்சம்மாள் வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். முன்வரிசையில் இரண்டு பேர், வெட்கம் கெட்டவர்கள், அழுகிற ஆனந்தமேரியை வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள்.

---

மாலை மூன்று மணி. போலீஸ் ஸ்டேஷன்.

சப்-இன்ஸ்பெக்டர் ராதிகா போனை வைத்துவிட்டு ஏட்டு கந்தசாமியைப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, இது கொலை!"

"பொரை ஏறி செத்துட்டாருன்னு இல்ல சொல்லிக்கினு இருக்காங்க?"

"தொண்டைக்குள்ள கேக்க வெச்சு வெரலாலயே தள்ளியிருக்காங்க. உள்ள நகக் கீறல் இருக்குன்னு ஜி.ஹெச். டாக்டர் சொல்றாரு."

"எத்தன மணிக்காம்?"

"பதினொன்னரைக்கும் பன்னெண்டரைக்கும் நடுவுல. அதுக்கு மேல கறாரா சொல்ல முடியாதாம்."

கந்தசாமி முப்பது வருட சர்வீஸில் வெட்டுக்குத்து பார்த்திருக்கிறார், விஷம் பார்த்திருக்கிறார். கேக்கை ஆயுதமாகப் பார்த்ததில்லை.

ஆல்பின் தானாகவே போனை நீட்டினான்.

"எல்லாம் இதுல இருக்கு மேடம். யாரு யாரு ஊட்டுனாங்கன்னு மணியோட இருக்கும். அறுபத்தோரு போட்டோ. நானே எடுத்தது."

ராதிகா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பதினொன்று நாற்பத்தெட்டு. மூத்த மகன் டென்னிஸும் அவன் மனைவி டயானாவும் தலை குனிந்து நிற்க, வியாகுலம் இடது கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். பதினொன்று ஐம்பது. இளவட்டங்கள் க்ரீம் அப்புகிறார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆல்பினின் மனைவி ஜூலியா கேக்கை நீட்டுகிறாள். கிழவரின் கண்கள் திறந்திருக்கின்றன.

அடுத்த படத்திலிருந்து கண்கள் மூடிவிட்டன. கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை.

"அப்போ... ஜூலியா ஊட்டினதுக்கு அப்புறம்தான் செத்திருக்காரு!"

சுவரோரம் நின்ற ஜூலியா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மேடம், நான் மாமாவுக்கு உள்ள கஞ்சி காச்சிக்கினு இருந்தேன். இவருதான் வா, ஒரு போட்டோன்னு இழுத்துக்கினு வந்தாரு. ஒரு செகண்டுதான் நின்னேன். வாயக் கூட தொடல. மாமா கண்ண மூடி தூங்கிக்கினு இருந்தாரு..."

"தூங்கிக்கினு இருந்தாரா?" ராதிகா போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பினாள். "இது இன்னா? முழிச்சு பாத்துக்கினு இருக்காரே!"

ஜூலியா படத்தைப் பார்த்தாள். அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"இல்ல மேடம்... சத்தியமா மூடிதான் இருந்துச்சு..."

கட்டிய புருஷன் ஆல்பின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டென்னிஸும் டயானாவும் உள்ளே வந்தார்கள். டென்னிஸ் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வாத்தியார். போட்டோ எடுத்த கையோடு கிளம்பிப் போனவன். தகவல் கிடைத்து மலையிலிருந்து இறங்கி வந்தான். இறங்கும் வழியில் சிக்னல் கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை, ஆல்பின் அனுப்பியிருந்த அந்த ஆசீர்வாதப் படத்தை 'அப்பாவின் கடைசி ஆசி' என்று ஸ்டேட்டஸ் வைத்தது. ராதிகா கையிலிருந்த ஆல்பினின் போனிலும் அது வந்திருந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்!

"இவதான் மேடம் கொன்னிருப்பா!" டயானா பாய்ந்தாள். "கோமுகி தண்ணி பாயற ரெண்டு ஏக்கர், கச்சிராயபாளையத்துல கரும்பு நெலம்... மொத்தத்தையும் போன மாசம் இவ பேருக்கு உயில் எழுத வெச்சிட்டா. மூணு வருசம் பீ மூத்திரம் அள்ளி, மாமனாரு மனச கரைச்சு வெச்சா!"

"அள்ளுனது அவதான்டீ!" வாசலில் உட்கார்ந்திருந்த ஆனந்தமேரி எழுந்தாள். "நீங்க ஒரு நாளு வந்து ஒரு துணி மாத்துனீங்களா? கிறிஸ்மஸ்க்கு வந்தா போட்டோ... பொறந்த நாளுக்கு வந்தா போட்டோ! எம்மருமவள ஒண்ணும் சொல்லாதீங்கடீ!"

கந்தசாமி ராதிகாவின் காதருகே குனிந்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா அஞ்சு மணிக்குள்ள ரிமாண்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு மேடம். உயிலும் இருக்கு, போட்டோவும் இருக்கு. இந்தப் பொண்ணுக்கு வெளிய வர வழியே இல்ல."

ராதிகா மூன்று படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். முன்னால்... பின்னால்... மறுபடியும் முன்னால்.

"ஏட்டய்யா, இங்க பாருங்க. பதினொன்று அம்பதுல பசங்க க்ரீம் அப்பறானுங்க. புருவம், இமை எல்லாம் மூடிப்போச்சு. சரியா?"

"ஆமா. தூ... இன்னா வெளையாட்டோ!"

"பதினொன்று அம்பத்தி மூணு. ஜூலியாவுக்கு அடுத்த ஆளு. அப்பவும் இமை மேல க்ரீம் அப்படியே இருக்கு."

"இருக்கு."

"நடுவுல ஜூலியா ஊட்டற படம். மூக்குல க்ரீம், கன்னத்துல க்ரீம். கண்ணு மட்டும் கழுவி வுட்ட மாதிரி பளிச்னு இருக்கு! ஒரே நிமிசத்துல தொடச்சி, மறுபடியும் அப்புனது யாரு?"

கந்தசாமியின் வாய் பிளந்தது.

ராதிகா திரும்பினாள். "ஆல்பின்!"

"மேடம்..."

"இது உங்க அப்பா கண்ணுதான். ஆனா, அந்த நேரத்துக் கண்ணு இல்ல! சொல்லுங்க!"

ஆல்பினின் நெற்றி வியர்த்தது.

"அது... காலையில எடுத்த போட்டோலருந்து கண்ண மட்டும் எடுத்து ஒட்டுனேன் மேடம். போன்லயே வருது. எம் பொண்டாட்டி எடுத்துக்கற போட்டோ, அப்பா கண்ணு மூடியிருந்தா நல்லா இருக்காதேன்னு..."

ஜூலியா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அடப்பாவி! என்ன கொலகாரின்னாங்க... நீ கேட்டுக்கினு நின்னியே!"

"ஏன் சொல்லல?" ராதிகா கத்தினாள்.

"அசிங்கமா இருந்துச்சு மேடம். பொணத்துக்கு நிக்க வெச்சு ஊட்ட வெச்சிட்டேன்னு ஊரே காறித் துப்புமே..."

"துப்பட்டும்! நானே துப்புவேன்!"

ராதிகா தண்ணீர் குடித்தாள். இந்தக் குடும்பத்தின் போட்டோக்களைத் தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"அப்போ ஜூலியா வர்றதுக்கு முன்னாலயே அவரு செத்துட்டாரு. நெசமா கண்ணு தொறந்திருந்த கடைசி படம் எது?" அவள் பார்வை டென்னிஸ் மேல் நின்றது. "உங்களோடது, வாத்தியாரே!"

டென்னிஸ் பின்வாங்கினான். "மேடம், அப்பா எங்கள ஆசீர்வாதம் பண்ணிக்கினு இருக்காரு!"

"நல்லா பாருங்க. ஆசீர்வாதம் பண்ற கையில வெரலு இப்படியா வளைஞ்சிருக்கும்? காத்த புடிக்கறாரு மனுசன்! மூச்சு முட்டி, யாராவது காப்பாத்துங்கன்னு கைய தூக்கறாரு. நீங்க அத ஸ்டேட்டஸ் வெச்சிருக்கீங்க!"

டயானா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தமேரியிடமிருந்து ஒரு விசும்பல் மட்டும் வந்தது.

"ஐயோ, நாங்க பாக்கவே இல்ல மேடம்!" டென்னிஸ் கதறினான். "ரெண்டு பேரும் தலைய குனிஞ்சிக்கினு இருந்தோம். அப்பா ஆசீர்வாதம் பண்றாரு, குனிங்கன்னு ஆல்பின்தான் சொன்னான்!"

"நான் சும்மா போஸ் சொன்னேன் மேடம்." ஆல்பின் அவசரமாகச் சொன்னான். "நான் எடுக்கற ஆளு. அறுபத்தோரு போட்டோலயும் தேடிப் பாருங்க. ஒண்ணுத்துலயாவது நான் இருக்கேனா?"

உண்மைதான். எதிலும் அவன் இல்லை. மேடைக்குக் கீழே வரிசையில் நின்றவர்களைக் கேட்டால், ஆல்பினின் முதுகுதான் தெரிந்தது என்பார்கள்.

ராதிகா அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்க்கக் கட்டை விரலைப் படத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

படம் அசைந்தது!

அவள் விரலை எடுத்தாள். படம் நின்றது. மறுபடியும் அழுத்தினாள். அசைந்தது!

"ஆல்பின், இது புது போனா?"

"ஆமா மேடம். வாங்கி மூணு நாளாச்சு."

"முழுசா கத்துக்கல போலிருக்கு. க்ளிக் பண்றதுக்கு முன்னால நடக்கறத, ரெண்டு மூணு செகண்டு, இது தானாவே வீடியோவா சேத்து வெக்கும். சத்தத்தோட! யாருக்காவது அனுப்புனா வெறும் படம்தான் போவும். போன்ல மட்டும் எல்லாம் இருக்கும்."

ஆல்பினின் முகம் வெளுத்தது.

ராதிகா சத்தத்தைக் கூட்டினாள்.

தலை குனிந்த டென்னிஸ்... டயானா... நடுவில் வியாகுலம். கேமரா இருந்த பக்கத்திலிருந்து நீண்ட ஒரு கை! அவர் வாயிலிருந்து இரண்டு விரல்கள் க்ரீமோடு வெளியே வந்தன. கிழவர் கண்கள் பிதுங்க, இடது கையைத் தூக்கினார். ஒரு குரல் தெளிவாகக் கேட்டது...

"முழுங்குப்பா... அண்ணா, தலைய தூக்காத, அப்பா ஆசீர்வாதம் பண்றாரு!"

ஆல்பினின் குரல்!

டென்னிஸ் தன் போனை எடுத்து அந்த ஸ்டேட்டஸை அழித்தான்.

"கட்டுன பொண்டாட்டி மேலயே பழியா?" கந்தசாமி கேட்டார். "ஏன்யா?"

"கொலகாரிக்கு உயில் சொத்து சேராது, ஏட்டய்யா." ராதிகா சொன்னாள். "அவ உள்ள போனா நெலம் புள்ளைங்களுக்கு வரும். இன்னா ஆல்பின், வக்கீல கேட்டுக்கினுதான் வந்தீங்களா?"

ஆல்பின் தலையைத் தூக்கினான். இப்போது அவன் முகத்தில் அழுகை இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"பெத்த புள்ள நான்... ஒண்ட வந்தவளுக்கு எழுதி வெச்சா? நாளைக்கு என்ன வூட்ட விட்டே வெரட்டுவா மேடம்!"

ஜூலியா எழுந்தாள். அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். மாமியாரின் தோளைப் பிடித்தாள்.

"வாங்கத்த... மாமாவ வாங்கிக்கினு போலாம். மூஞ்சிய ஒழுங்கா கழுவி வுடணும்."

இருவரும் வெளியே போனார்கள்.

கந்தசாமி ஆல்பினைச் சுவரோரம் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த அவன் போன் அடித்தது. கந்தசாமியே எடுத்தார்.

"சார், ஃப்ளெக்ஸ் கடைலருந்து! கண்ணீர் அஞ்சலி பேனர் ரெடி சார். கீழ மகன்கள் படம் போடணும். அண்ணன் படம் கெடச்சிடுச்சு, உங்க படம் ஒண்ணு கூட இல்லியே... அர்ஜென்டா ஒண்ணு அனுப்புங்க சார்!"

"இப்பதான் எடுத்துக்கினு இருக்கோம் தம்பி," என்றார் கந்தசாமி. "நேரா நின்னது ஒண்ணு, சைடுல திரும்புனது ஒண்ணு. நெஞ்சுல நம்பர் போட்ட பலகை இருக்கும்... அத மட்டும் கட் பண்ணிடாத!"